வாடைக்காற்று முதுகில் இருக்கும்போது கிளம்புங்கள்

உங்கள் கேள்வி இது: "வயது 24. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகத் தனியாகச் சைக்கிளில் போக ஆசை. இதுவரை ஒரே நாளில் அதிகபட்சம் 60 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். ஜூன் மாதம் விடுப்பு கிடைக்கும். முடியுமா? எத்தனை நாள் ஆகும்? ராத்திரி எங்கே தங்குவது? பெண்ணாகத் தனியாகப் போகலாமா? அம்மா விடவே மாட்டேன் என்கிறார்."

முடியும். ஆனால் ஜூனில் வேண்டாம். விடுப்பைத் தை மாதத்துக்கு மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் அதற்கு அப்புறம் பேசலாம்.

இந்தப் பாதையில் நான் இரண்டு முறை தனியாகப் போயிருக்கிறேன். முதல் தடவை ஆனி மாதம், இரண்டாவது தடவை பொங்கல் முடிந்த மூன்றாம் நாள். அதே சைக்கிள், அதே பை, அதே உடம்பு. ஆனாலும் இரண்டும் ஒரே பயணம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனியில் திருச்செந்தூர் வரை வெயிலோடுதான் போராட்டம். அதைத் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி 90 கிலோமீட்டர்கூட இல்லை. எனக்கு இரண்டு முழு நாள் ஆனது. உவரிக்கு முன்னால் தட்டையான சாலையில், மிகக் குறைந்த கியரில், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போனேன். மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் இரண்டே விநாடியில் நின்றுவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் இடைவெளியான ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகப் பாய்ந்து வந்து அந்தச் சமவெளி முழுவதும் அடிக்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். "ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்" என்று சும்மா சொல்லவில்லை. நீங்கள் தென்மேற்கு நோக்கிப் போகிறீர்கள், அது தென்மேற்கிலிருந்து வருகிறது.

தை மாதத்தில் இது அப்படியே திரும்பிவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், காற்று மட்டும் வடகிழக்கிலிருந்து வந்துகொண்டே இருக்கும். நம் கடற்கரையின் வடிவத்தை வரைபடத்தில் ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை தெற்கே இறங்குகிறது. கோடியக்கரை முனையில் மேற்கே மடங்குகிறது. கட்டுமாவடி தாண்டி மறுபடி தெற்கு, ராமநாதபுரத்திலிருந்து தென்மேற்கு. இந்த நான்கு பகுதியிலுமே வடகிழக்குக் காற்று உங்களுக்குப் பின்னாலோ பின்பக்கவாட்டிலோதான் இருக்கும். காலை ஆறு மணிக்கு அசைவே இருக்காது. பத்து மணிக்கு மேல் எழும். கடற்கரைக் குப்பங்களில் வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் உண்டு. எந்த ஊரிலும் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் "இன்னைக்கு என்ன காத்து?" என்று கேளுங்கள். போனில் இருக்கும் வானிலைச் செயலியைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். நான் தினமும் கேட்டேன், ஒரு நாளும் தவறவில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் காற்று சாதகம்தானே என்று தோன்றும். அந்த மாதங்களில் மழையும் புயலும் இருக்கின்றன. கடலூரைச் சூறையாடிய 'தானே' புயல் வந்தது 2011 டிசம்பர் 30. வேதாரண்யத்தைப் புரட்டிப்போட்ட கஜா 2018 நவம்பர் 16. அந்த ஊர்களின் வழியாகத்தான் போகப் போகிறீர்கள். ஆகவே பொங்கலிலிருந்து பிப்ரவரி கடைசி வரைதான் சரியான காலம். மார்ச்சில் வெயில் ஏறிவிடும்.

தூரம் ஏறக்குறைய 800 கிலோமீட்டர். ஒரே நாளில் 60 ஓட்டியவருக்கு 90 பெரிய விஷயமில்லை. மறுநாள் காலை எழுந்து மறுபடி உட்கார்ந்து ஓட்டுவதுதான் பழக வேண்டியது. கிளம்புவதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் நான்கைந்து வார இறுதிகளிலாவது சனி 70, ஞாயிறு 70 என்று, பையில் முழுச் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். முட்டி வலித்தால் சீட்டின் உயரம் குறைவு என்று பெரும்பாலும் அர்த்தம். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முட்டி இலேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல் இலேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள். பன்னிரண்டு நாளைக்குத் திட்டமிடுங்கள், ராமேஸ்வரம் போவதானால் பதினான்கு. இதற்குள் ஒரு நாள் முழு ஓய்வும் வர வேண்டும்.

சைக்கிளைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். விலை முக்கியமில்லை. கியர் இருக்கிற, 32 முதல் 38 மில்லிமீட்டர் அகல டயர் போட்ட, பின்னால் உறுதியான கேரியர் மாட்ட முடிகிற எந்தச் சைக்கிளும் போதும். மெல்லிய டயர் வேண்டாம். நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் பழைய 28 அங்குல டயர், டியூப் எளிதாகக் கிடைக்கும், அது உங்கள் சக்கரத்துக்குச் சேராது. அதனால் உங்கள் அளவில் இரண்டு டியூப் கையோடு இருக்கட்டும். டியூப்பின் வால்வு மெல்லிய ப்ரெஸ்டா வகை என்றால் பஞ்சர் கடைப் பம்பு அதில் பொருந்தாது. ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள், பைக் பஞ்சர் கடை எல்லாமே உங்களுடைய கடை ஆகிவிடும். ஒட்டும் சாமான், டயர் நெம்பி, கைப்பம்பு, ஒரு சின்ன இடுக்கி. இடுக்கி எதற்கு என்று ராமநாதபுரத்தில் தெரியும்.

பெண்ணாக இன்னும் சில விஷயங்கள். துப்பட்டா, தொளதொள பேண்ட் இரண்டும் செயினிலும் சக்கரத்திலும் மாட்டும். உள்ளே பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ், மேலே லெகின்ஸ், முழுக்கை பருத்திக் குர்தா. எந்த ஊர் டீக்கடையிலும் சங்கடமில்லாமல் உட்காரலாம், வெயிலும் படாது. அந்த ஷார்ட்ஸை இரவு தவறாமல் துவைத்துக் காயப்போடுங்கள், இரண்டு இருந்தால் போதும். இருக்கையில் புண் வருவது பெரும்பாலும் அழுக்கும் ஈரமும் சேர்ந்துதான். மாதவிடாய் தேதி நடுவில் வந்தால் ஓய்வு நாளை அதற்குத் தள்ளி வையுங்கள்.

கழிப்பறை பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. பெட்ரோல் பங்குகள்தான் நம்பிக்கை. கேட்டால் சாவி கொடுப்பார்கள். ஆனால் சில இடங்களில் 20, 25 கிலோமீட்டருக்கு ஒன்றுமே இருக்காது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக் கூடாது. நான் குறைத்தேன், அதன் விலை என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி பாதை. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை முதல் நாள், சுமார் 50 கிலோமீட்டர். ஒரு வேலை நாளில், விடிவதற்கு முன் கிளம்பிவிடுங்கள். சனி ஞாயிறுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் பறக்கும். இந்த முழுப் பயணத்திலும் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது இந்த முதல் 50 கிலோமீட்டர்தான். இரண்டாம் நாள் கல்பாக்கம், பாலாறு, மரக்காணம் வழியாகப் புதுச்சேரி. மரக்காணத்தில் சாலையின் இருபுறமும் உப்பளம் விரியும் இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போங்கள். தை மாதத்தில் உப்பு விளைந்திருக்காது. மழைக்குக் கரைந்த வரப்புகளைத் திரும்பக் கட்டிப் பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருப்பார்கள்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் வழியாகச் சிதம்பரம் அரை நாள்தான். கடலை ஒட்டியே போக முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது. வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி, அரசலாறு, வெட்டாறு என்று ஒவ்வொரு ஆறும் கடலில் சேரும் இடத்தில் கரை அறுந்துவிடுகிறது. பாலம் இருக்கும் இடத்துக்கு உள்ளே வந்து கடந்து மறுபடி கடலுக்கு இறங்க வேண்டும். பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டுக்குள் சைக்கிளுக்கு வழி கிடையாது. கடலோரப் பயணம் என்றாலும் பாதி நாள் கடல் கண்ணில் படாது, வாசனை மட்டும் வரும். வரைபடத்தில் கடலை ஒட்டிப் போகும் மெல்லிய கோட்டைப் பார்த்து ஆசைப்பட்டுப் போனால் ஒரு முகத்துவாரத்தில் போய் நிற்பீர்கள்.

கொள்ளிடம் தாண்டியதும் வேறு உலகம். தை மாதம் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரங்கள் சாலையில் ஊர்ந்து வரும், நெல்லைச் சாலையிலேயே காயப்போட்டிருப்பார்கள். நெல்லின் மேல் வேகமாக ஏற்றாதீர்கள், சக்கரம் வழுக்கும். அது ஒருவருடைய வருஷ உழைப்பும்கூட. இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனால் அங்கே காவலுக்கு உட்கார்ந்திருக்கும் அக்கா கூப்பிட்டுத் தண்ணீர் கொடுப்பார். காலையில் பனிமூட்டம் அடர்த்தியாக இருக்கும், அதனால் பின்விளக்கு எரியட்டும். தரங்கம்பாடியில் டேனியர்கள் 1620-இல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1700-களின் தொடக்கத்தில் தமிழ் அச்சகம் நடத்திய ஊர் அது. கோட்டைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்காரலாம். காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி எல்லாம் ஒன்றை அடுத்து ஒன்று வந்துவிடும். நாகப்பட்டினம் கரையில் 2004 டிசம்பர் 26 பற்றி நீங்களாக எதுவும் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் நேரம் பார்க்காமல் கேளுங்கள்.

அம்மா விஷயத்துக்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு. என் அம்மாவும் விடமாட்டேன் என்றுதான் சொன்னார். எங்கள் வீடு மயிலாடுதுறை. ஐந்தாம் நாள் நான் வேளாங்கண்ணியில் இருப்பேன், நீ பஸ்ஸில் வா என்று சொன்னேன். வந்தார். நான் வெயிலில் கறுத்து, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, முழுசாக இருப்பதைப் பார்த்தார். ராத்திரி சைக்கிளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஒவ்வொரு சாமானுக்கும் பெயர் கேட்டார். மறுநாளிலிருந்து போனில் "சாப்பிட்டியா" என்பதற்கு முன்னால் "இன்னைக்குக் காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்க ஆரம்பித்தார். உங்கள் அம்மாவையும் பாதி வழியில் ஓர் ஊருக்கு வரச் சொல்லுங்கள். வாதம் செய்து சம்மதிக்கவைப்பதைவிட அது நல்லது.

தங்குவதற்கு நான் வைத்துக்கொண்ட விதி, நான்கு மணிக்குள் அறைக்குள் இருக்க வேண்டும் என்பது. ஐந்து முப்பதுக்குப் போய்க் கேட்டால் கையில் வேறு வழி இருக்காது. ஒரு சின்ன ஊர் லாட்ஜில் தனியாக வந்த பெண்ணுக்கு அறை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அடையாள அட்டையைக் காட்டியும் பயனில்லை. இருட்ட ஆரம்பித்திருந்தது. எதிரில் இருந்த மருந்துக் கடை அக்கா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே கிடைத்த ரசமும் தூக்கமும் மறக்காது. ஆனால் அதிர்ஷ்டத்தை நம்பித் திட்டம் போடக் கூடாது. அதற்குப் பிறகு முந்தின நாளே போன் செய்து, "தனியா வர்ற பொண்ணு, சைக்கிள்ல வரேன், சைக்கிளை உள்ளே வைக்கணும்" என்று மூன்றையும் சொல்லிவிடுவேன். கோயில் விடுதிகளில் பல இடங்களில் ஒற்றை ஆளுக்கு அறை தருவதில்லை, அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வேளாங்கண்ணி, திருச்செந்தூர், ராமேஸ்வரம், கன்னியாகுமரி போன்ற யாத்திரை ஊர்களில் குடும்பங்கள் தங்கும் விடுதிகள் நிறைய. கூடாரம் போட்டுக் கடற்கரையில் படுக்கும் எண்ணம் இருந்தால், தனியாகப் போகும்போது வேண்டாம்.

வேளாங்கண்ணியிலிருந்து வேதாரண்யம் குறைந்த தூரம். வேண்டுமென்றே குறைவாக வையுங்கள், கோடியக்கரைக்கு நேரம் வேண்டும். ஊரிலிருந்து சரணாலயம் பத்துப் பதினொரு கிலோமீட்டர். வழியில் அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு எடுத்த இடம், நினைவுத்தூண் இருக்கிறது. நடந்து வருகிறவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று அப்போதைய தஞ்சாவூர் ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தார். மக்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவைத்தார்கள். அந்தத் தூணுக்கு முன்னால் நின்றபோது, அதுவரை ஐந்து நாளாக எனக்கு வழிநெடுகக் கிடைத்த மோரும் இட்லியும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சரணாலயத்தில் வெளிமான் கூட்டம் உறுதியாகக் கிடைக்கும். நீர்நிலைகளில் பூநாரைகளைத் தூரத்தில் ஓர் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் பார்ப்பீர்கள், தொலைநோக்கி இருந்தால் எடுத்து வாருங்கள்.

இங்கிருந்து மேற்கே திரும்புகிறீர்கள். முத்துப்பேட்டையில் விருப்பமிருந்தால் படகில் அலையாத்திக் காட்டுக்குள் போய்வரலாம். பட்டுக்கோட்டை வட்டாரத் தென்னந்தோப்புகளைப் பார்த்தால் கஜா தெரியும். உயர்ந்த பழைய மரங்களுக்கு நடுவே பெரிய பெரிய வெற்றிடம், அதில் இளமரங்கள். மல்லிப்பட்டினம் பக்கத்தில் மனோரா. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடச் சரபோஜி மன்னர் கடற்கரையில் எழுப்பிய கோபுரம் அது. நெப்போலியனுக்கும் தஞ்சைக்கும் என்ன என்று யோசித்துக்கொண்டே இளநீர் குடிக்க நல்ல இடம். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், தொண்டி. இந்த வரிசையில் மீன் சாப்பாடு எங்கே சாப்பிட்டாலும் சோடை போகவில்லை.

தொண்டிக்குப் பிறகு தோப்பு முடிந்துவிடும். இதைத்தான் நீங்கள் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டும். தேவிபட்டினம், ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி. கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர் பனையும் சீமைக்கருவேலமும்தான். பனை நிழல் தராது, கருவேலம் முள் தரும். கரிமூட்டத்துக்காக வெட்டி ஏற்றிப் போகும் வண்டிகளிலிருந்து முள் சிதறிச் சாலையோரத்தில் கிடக்கும். அதனால் மண் ஓரத்தில் இறங்காமல் தாரிலேயே இருங்கள். எனக்கு ஒரே நாளில் மூன்று பஞ்சர். முதல் பஞ்சரில் டியூப்பை மட்டும் மாற்றினேன். டயருக்குள் ஒடிந்து நின்ற முள் முனை இருபது நிமிஷத்தில் புது டியூப்பையும் குத்திவிட்டது. டயரின் உள்பக்கம் முழுவதையும் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து, முனையை இடுக்கியால் பிடுங்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

சாயல்குடிக்கும் வேம்பாருக்கும் நடுவில்தான் அது நடந்தது. காலையிலிருந்து கழிப்பறை கிடைக்கவில்லை என்று இரண்டு மணி நேரம் வாயைக்கூட நனைக்காமல் ஓட்டினேன். பதினொரு மணி வாக்கில் வியர்வை நின்றுபோனது, தலை சுற்றியது, சாலை இரண்டாகத் தெரிந்தது. இறங்கிச் சைக்கிளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கருவேல விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி ஓடிவந்து, "ஏந்தாயி, ஒத்தையிலயா வந்த?" என்று கேட்டுக்கொண்டே தூக்குவாளியிலிருந்து உப்புப் போட்ட நீராகாரத்தை ஊற்றிக் கொடுத்தார். முந்தானையால் விசிறினார். ஒரு மணி நேரம் அவர் விறகு பொறுக்கவே போகவில்லை. தை மாதமென்றாலும் வெயில் வெயில்தான். இந்தப் பகுதியில் எப்போதும் நான்கு லிட்டர் தண்ணீர் சைக்கிளில் இருக்கட்டும், ஒரு லிட்டரில் ஓஆர்எஸ் கலந்திருங்கள். கால் மணிக்கு ஒரு முறை இரண்டு வாய். மறைவிடம் தேவைப்பட்டால் வழியில் வீட்டு வாசலில் நிற்கும் பெண்களிடம் கேளுங்கள். எத்தனையோ வீட்டில் கேட்டேன், ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை. ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடியை ஒரே நாளில் முடிக்கலாம் என்று வரைபடம் சொல்லும். இரண்டாகப் பிரியுங்கள்.

சாப்பாட்டுக்குத் தை மாதத்தில் பனங்கிழங்கு கிடைக்கும். அவித்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் நின்று நிதானமாகத் தெம்பு தரும். கடலைமிட்டாய், பேரீச்சை எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பை வாங்குங்கள். தூத்துக்குடியில் முந்திரி மக்ரூன். தாகத்துக்குப் பாட்டிலில் அடைத்த குளிர்பானத்தைவிட மோரும் கம்மங்கூழும் உடம்பில் நிற்கும்.

ராமேஸ்வரம் போவதா வேண்டாமா என்பது உங்கள் நாள் கணக்கைப் பொறுத்தது. ராமநாதபுரத்திலிருந்து போகவர, தனுஷ்கோடி முனையும் சேர்த்தால் சுமார் 150 கிலோமீட்டர். இங்கே மட்டும் கிழக்கே போவதால் காற்று எதிர்ப்படும். பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று சைக்கிளைத் தள்ளும், வண்டிகளை நிறுத்திப் படம் எடுப்பவர்கள் கூட்டமும் இருக்கும். காலையில் முதல் ஆளாகக் கடந்துவிடுங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை இப்போது தார்ச்சாலை இருக்கிறது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒற்றைச் சாலை, நீங்கள். எனக்கு இந்தப் பயணத்தில் மிகப் பிடித்த ஐந்து கிலோமீட்டர் அதுதான், ஆகவே போகச் சொல்லித்தான் சொல்வேன்.

தூத்துக்குடி உப்பளங்களைத் தாண்டி முக்காணியில் தாமிரபரணிப் பாலம் ஏறியதும் பச்சை திரும்பிவிடும். வாழை, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால், ஈரக் காற்று. மூன்று நாள் முள்காட்டைப் பார்த்த கண்ணுக்கு அந்த இடம் என்ன செய்யும் என்பதைப் போய்ப் பாருங்கள். காயல்பட்டினம், திருச்செந்தூர். தைப்பூசம் நெருங்கும் சமயமென்றால் பச்சை உடுத்திய பாதயாத்திரைக்காரர்கள் சாலை நிறைய வருவார்கள், தண்ணீர்ப்பந்தல்களும் இருக்கும். "எங்கேருந்து வாறிய?" என்று கேட்டு, சென்னை என்றதும் கையில் பானகத்தைத் திணிப்பார்கள். விடுதி அறை மட்டும் அந்த வாரத்தில் கிடைக்காது, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். குலசேகரப்பட்டினம் தாண்டி மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிய மணல்மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயம். ஏறிப் பாருங்கள். அப்புறம் உவரி, கூடங்குளம், அஞ்சுகிராமம். ஆனியில் இரண்டு நாள் ஆன அந்தத் தூரத்தைத் தையில் மதியம் மூன்று மணிக்கு முடித்துவிட்டேன்.

பாதுகாப்பு பற்றிக் கடைசியாக. எனக்கு ஏற்பட்ட தொல்லைகள் இரண்டு வகை. ஒன்று, பைக்கில் பக்கத்திலேயே வந்து பேச்சுக் கொடுக்கும் இளைஞர்கள். பதில் சொல்லாமல் அடுத்த டீக்கடையில் நிறுத்தி உள்ளே போய் உட்கார்ந்துவிடுவேன், கடைக்காரர் பார்த்துக்கொள்வார். எந்த ஊரில் தங்கப் போகிறேன் என்பதை வழியில் ஆண்களிடம் சொல்ல மாட்டேன், அடுத்த பெரிய ஊரின் பெயரைச் சொல்வேன். வீட்டில் ஒருவரிடம் காலையில் புறப்படும்போதும் மதியமும் சேர்ந்ததும் தகவல் சொல்லிவிடுவேன், போனில் இருப்பிடப் பகிர்வும் ஓடிக்கொண்டிருக்கும். அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, ஆம்புலன்ஸுக்கு 108 என்று மூன்று எண்களும் ஒரு தாளில் எழுதி ஹேண்டில் பையில் இருந்தன, ஒரு தடவையும் தேவைப்படவில்லை. இரண்டாவது, நாய்கள். வேகமாக ஓட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள், அநேகமாக எல்லாம் நின்றுவிடும். கடித்தோ கீறியோ விட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பயணத்தை அதற்காகத் தள்ளிப்போட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் பார்சலாகச் சைக்கிளைப் போடலாம். ரயில் கிளம்பும் நேரத்துக்குப் போகாமல் அன்று காலையிலேயே பார்சல் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பெடல்களைக் கழற்றி, ஹேண்டிலைப் பக்கவாட்டில் திருப்பி, கியர் இருக்கும் பக்கத்துக்குப் பழைய அட்டை சுற்றிக் கட்டுங்கள். பெயரும் ஊரும் இரண்டு இடத்தில் எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரிப்பதற்கு முன்னால் சைக்கிளை நல்ல தண்ணீரில் முழுக்கக் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். பன்னிரண்டு நாள் கடற்காற்றின் உப்பு அதில் படிந்திருக்கும். முதல் தடவை நான் ஒரு வாரம் கழித்துக் கழுவப் போனபோது செயின் கண்ணிகள் இறுகிவிட்டிருந்தன, புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.